கண்புரைக்கு எங்கே போவது? திருகோணமலையில் ஒரு குடும்பம் போட்ட கணக்கு

கடந்த ஆண்டு ஒரு காலையில் அம்மா நீரிழிவு மாத்திரையை இரண்டு தடவை விழுங்கிவிட்டு, இரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிட்டார். இரண்டும் வெள்ளை, இரண்டும் வட்டம். பத்து மணியளவில் உடல் வியர்த்து, கை நடுங்க, சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சீனி கூடப் போட்ட பிளேன்டீயைக் கொடுத்து உட்காரவைத்தேன். கண்ணில் வெள்ளை விழுந்திருக்கிறது, அதாவது கண்புரை என்று அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கிளினிக்கில் எழுதியிருந்தார்கள். வலி இல்லையே, பிறகு பார்க்கலாம் என்று நாங்கள்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தோம்.

அன்று இரவே தொலைபேசியில் குடும்பம் கூடியது. தம்பி கொழும்பில் வேலை செய்கிறான். "தனியார் ஆஸ்பத்திரியில் ஒரே நாளில் முடித்துவிடலாம், என்னுடைய கம்பனிக் காப்புறுதியில் அம்மாவும் இருக்கிறார்" என்றான். டொரொன்டோவில் இருக்கும் அக்கா, தன்னிடம் அனுப்பிவைக்கச் சொன்னாள். எதிர்வீட்டு மாமி மதுரையில் செய்துகொண்டவர். அதைத் தவிர வேறு இடத்தை அவர் ஒப்புக்கொள்ளவே மாட்டார். "இந்த ஊர் ஆஸ்பத்திரி எனக்குப் போதும்" என்றார் அம்மா. அவர் சொன்னதை நாங்கள் யாரும் காதில் வாங்கவில்லை.

அதன்பின் ஒவ்வொரு வழியாக விசாரித்தோம். கடைசியில் ஒரு கண் தனியாரிலும் மறு கண் அரச வைத்தியசாலையிலும் நடந்தது. இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருகோணமலையில் வாழும் முதியவர்களில் பெரும்பாலானோருக்கு அரச வைத்தியசாலைதான் முதல் வழி. அறுபது வயதுக்குப் பின் கண்புரையை மனதில் வைத்துப் புதிதாகக் காப்புறுதி எடுப்பது காசை வீணாக்குவது. இரண்டு கண்ணும் மங்கி, காத்திருப்பதே ஆபத்தாகிவிட்ட ஒருவருக்கு மட்டும் இந்த முடிவு மாறும்.

இலவசத்தில் எங்கே காசு போகிறது

கண்புரைக்குச் சொட்டுமருந்து கிடையாது, பத்தியமும் கிடையாது. கண்ணுக்குள் இருக்கும் இயற்கை வில்லை கலங்கிப்போகிறது; அதை எடுத்துவிட்டு செயற்கை வில்லையை வைக்க வேண்டும். 1949இல் லண்டனில் ஹரல்ட் ரிட்லி என்ற கண் வைத்தியர் முதன்முதலில் செய்த வேலை இது. இன்று பெரும்பாலும் கண்ணை மட்டும் மரக்கச் செய்து, அரை மணி நேரத்துக்குள் முடித்து, அன்றே அல்லது மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

இலங்கையில் அரச வைத்தியசாலைக்குப் போனால் இந்தச் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. திருகோணமலை நகரத்தில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. அதற்கு அப்பால் மட்டக்களப்பு, அநுராதபுரம், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைகள், கண்டி தேசிய வைத்தியசாலை, கொழும்பில் தேசிய கண் வைத்தியசாலை என்று வரிசை நீள்கிறது. கண் கிளினிக்கில் பதிந்து, கொப்பி வாங்கி, வைத்தியர் பார்த்து, வில்லையின் அளவைக் கணிக்கும் பரிசோதனை முடிந்த பின் திகதி தருவார்கள். 

கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு கண்ணுக்கு எத்தனை தடவை போக வேண்டியிருந்தது என்று எண்ணிப் பார்த்தேன். முதல் கிளினிக், இரத்தப் பரிசோதனை, வில்லை அளவு, சத்திரசிகிச்சை, மறுநாள் பார்வை, ஒரு வாரத்தில் ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, பிறகு கண்ணாடிக்கு. எட்டுத் தடவை. ஒவ்வொரு தடவையும் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் நாட்கூலி போகும். உப்புவெளியிலிருந்து வரும் எங்களுக்கு ஓட்டோச் செலவு பெரிதில்லை. மூதூரிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் வருகிறவர்களுக்கு அது வேறு கணக்கு. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அங்கே படகுப் பாதைக்குக் காத்து நிற்கும் அவதி போய்விட்டது. ஆனாலும் விடிய எழும்பி பஸ் பிடித்தால்தான் கிளினிக்கில் முன் நம்பர் கிடைக்கும்.

இன்னொரு செலவு, கையிருப்பைப் பொறுத்தது. 2022 பொருளாதார நெருக்கடியின்போது அரச வைத்தியசாலைகளில் மருந்துக்கும் உபகரணங்களுக்கும் எவ்வளவு தட்டுப்பாடு வந்தது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டோம். இல்லாத நாட்களில் சொட்டுமருந்தையோ வில்லையையோ வெளியில் வாங்கித் தரும்படி கேட்பார்கள். திகதி கிடைத்த அன்றே, "வில்லை இங்கே இருக்கிறதா, நாங்கள் வாங்க வேண்டுமா" என்று தாதியிடம் கேட்டுவைப்பது நல்லது. கடைசி நேரத்தில் கேள்விப்பட்டுக் கடன் தேடி ஓடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விலை காத்திருப்பு. அம்மாவுக்குச் சில மாதங்கள் தள்ளித்தான் திகதி கொடுத்தார்கள். சீனி அளவு கூடியிருந்தால் அந்தத் திகதியும் தள்ளிப்போகும். அதில் வைத்தியசாலையின் குற்றம் எதுவும் இல்லை. கட்டுப்படாத நீரிழிவோடு கண்ணில் கீறல் போட்டால் கிருமித்தொற்றுக்கு வழிவிட்டது போலாகும். பெயர் பதிந்த நாளிலிருந்தே சீனியைக் கட்டுக்குள் வைத்திருந்தால் வரிசையில் உங்கள் இடம் பறிபோகாது.

பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023இல் நுவரெலியா வைத்தியசாலையில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் சிலர், இறக்குமதியான ஒரு சொட்டுமருந்தில் இருந்த கிருமியால் பார்வை பாதிக்கப்பட்டார்கள். அந்தச் செய்திக்குப் பிறகு, அரச ஆஸ்பத்திரியில் கண்ணைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லும் முதியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய அச்சம் நியாயமானது. ஆனால் பழுது இருந்தது மருந்துப் போத்தலுக்குள். அப்படியொரு போத்தல் எந்த ஆஸ்பத்திரியின் அலுமாரிக்கும் வரலாம்.

தனியாரில் எதற்குக் காசு கொடுக்கிறோம்

தனியாரில் ஒரு கண்ணுக்கு இலட்சத்துக்குக் குறைவாக முடியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எங்களுக்குக் கொழும்பில் வில்லையோடு சேர்த்து இரண்டு இலட்சத்தைத் தாண்டியது. அந்தக் காசில் முதலில் வாங்குவது நேரத்தை. சனலிங் செய்து, அதாவது கட்டணம் கட்டி நேரம் பதிந்து, வைத்தியரைப் பார்த்த பதினைந்தாம் நாள் அம்மாவின் வலது கண் முடிந்திருந்தது. விரும்பிய வைத்தியரைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது அடுத்தது. வில்லையைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது மூன்றாவது, விலைச்சீட்டு விரிந்துகொண்டே போவதும் இங்கேதான்.

சாதாரண வில்லை ஒரு தூரத்துக்கு மட்டும் தெளிவு தரும். பொதுவாகத் தூரப் பார்வைக்கு வைப்பார்கள். வாசிப்பதற்குக் கண்ணாடி போட வேண்டும். கண்ணின் முன்பகுதி வளைவு சீராக இல்லாததால் வரும் சிதறல் பார்வையைத் திருத்தும் வில்லை ஒன்று உண்டு. கிட்டத்தையும் தூரத்தையும் சேர்த்துக் காட்டும் பல்குவிய வில்லை எல்லாவற்றிலும் விலை கூடியது. தம்பி அதைத்தான் வைக்கச் சொன்னான். எங்களைப் பார்த்த வைத்தியர் நேர்மையானவர். நீரிழிவால் அம்மாவின் விழித்திரையில் ஏற்கனவே சிறு பாதிப்பு இருக்கிறது, அப்படிப்பட்ட கண்ணுக்கு அந்த வில்லை பொருந்தாது, இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும் என்று சொல்லி மறுத்துவிட்டார். விலை கூடியது என்பதால் அது அம்மாவுக்கு நல்லதாகிவிடாது என்று அன்று புரிந்துகொண்டேன். பிள்ளைகள் பாசத்தில் செய்யும் பிழைகளில் இதுவும் ஒன்று. கோயிலுக்குப் போய்வந்து, பேரப்பிள்ளையின் முகம் பார்த்து, கண்ணாடி போட்டுப் பத்திரிகை வாசிக்கப் போகும் ஒருவருக்குச் சாதாரண வில்லை தாராளமாகப் போதும்.

செய்யும் முறையிலும் வேறுபாடு உண்டு. ஒலியலையால் கலங்கிய வில்லையை உடைத்து உறிஞ்சி எடுப்பது ஒன்று, சற்றுப் பெரிய கீறல் போட்டுத் தையல் இல்லாமல் முழுதாக எடுப்பது மற்றது. முதலாவது சீக்கிரம் ஆறும். நன்றாக முற்றிப் பழுப்பேறிய புரைக்கு இரண்டாவது முறையை விரும்பும் வைத்தியர்கள் உண்டு. தேர்ந்த கையில் இரண்டும் நல்ல பார்வையைத் தரும். எது என்பதை வைத்தியரிடம் விட்டுவிடலாம்.

இப்போது நான் மறக்க முடியாத ஒரு விடயம். கொழும்பிலிருந்து திரும்பி வந்த மூன்றாம் நாள் இரவு அம்மாவின் கண் சிவந்து, வலிக்கத் தொடங்கியது. சத்திரசிகிச்சைக்குப் பின் வலி கூடி, கண் சிவந்து, பார்வை மங்கினால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. உள்ளே தொற்று ஏற்படுவது ஆயிரத்தில் ஓரிருவருக்குத்தான், ஆனால் ஏற்பட்டால் கண்ணே போய்விடும். கொழும்பு வைத்தியரைத் தொலைபேசியில் பிடித்தோம். உடனே கூட்டிவரச் சொன்னார். இடையில் இருப்பது 260 கிலோமீற்றர். இரவு ரயிலும் புறப்பட்டுப் போய்விட்டது. கடைசியில் ஊரிலேயே அரச வைத்தியசாலைக்கு ஓடினோம். எங்கே செய்தீர்கள், ஏன் இங்கே வருகிறீர்கள் என்று ஒரு சொல் கேட்காமல் அங்கே பார்த்தார்கள். நல்லவேளையாக வெறும் அழற்சிதான், சொட்டுமருந்தை மாற்றியதும் குறைந்துவிட்டது. ஆனால் அன்றைய இரவு என் கணக்கில் ஒரு புதிய நிரல் சேர்ந்தது: சத்திரசிகிச்சை செய்த இடம் வீட்டிலிருந்து எத்தனை மணி நேரம்? எந்த விலைச்சீட்டிலும் இது இருக்காது. தனியார்தான் என்று முடிவெடுத்தாலும், கொழும்புக்கு ஓடும் முன் திருகோணமலையிலோ மட்டக்களப்பிலோ சனலிங் செய்யும் கண் வைத்தியர் இருக்கிறாரா என்று பாருங்கள்.

காப்புறுதி

தம்பியின் கம்பனிக் காப்புறுதியை நம்பித்தான் நாங்கள் தனியாருக்குப் போனோம். பற்றுச்சீட்டுகளை அனுப்பி ஆறு வாரத்தில் பதில் வந்தது. ஒப்பந்தத்தில் அம்மாவைச் சேர்ப்பதற்கு முன்பே கண்புரை கண்டறியப்பட்டிருக்கிறது, ஆகவே பணம் தர முடியாது. அவர்கள் காட்டிய ஆதாரம், நாங்களே இணைத்து அனுப்பிய கிளினிக் கொப்பியின் பிரதி. அரச வரிசையில் இடம் பிடித்துத் தந்த அதே பக்கம் இங்கே எங்களுக்கு எதிராக நின்றது. மறைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது பொய்யாகும், பின்னால் பெரிய நோய்க்கு வரும் பணத்தையும் கெடுக்கும். விதியை முதலில் வாசிக்காமல் இரண்டு இலட்சத்தைச் செலவழித்தோமே என்பதுதான் என் வருத்தம்.

ஏற்கனவே காப்புறுதி இருக்கும் குடும்பங்கள் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. கண்புரைக்குத் தனியாகக் காத்திருப்புக் காலம் இருக்கிறதா? பல ஒப்பந்தங்களில் ஓராண்டோ இரண்டாண்டோ இருக்கும். ஒரு கண்ணுக்கு உச்சவரம்பு என்ன, வில்லையின் விலை அதற்குள்ளா வெளியிலா? ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பும் சத்திரசிகிச்சையை ஏற்பார்களா, இல்லை இரவு தங்கினால்தானா? கண்புரை பெரும்பாலும் பகலிலேயே முடிந்துவிடுவதால் இந்தக் கடைசிக் கேள்வி பலரைக் கவிழ்த்திருக்கிறது. இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். அரச வைத்தியசாலையில் இலவசமாகத் தங்கினால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று படி கொடுக்கும் ஒப்பந்தங்கள் இருக்கின்றன. வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்டைப் பத்திரப்படுத்தினால் போக்குவரத்துச் செலவாவது திரும்பி வரும்.

அரச ஊழியர்களுக்கு அக்ரஹார என்ற மருத்துவக் காப்புறுதி இருக்கிறது. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துவது. சாதாரணம், வெள்ளி, தங்கம் என்று படிநிலைகள் உண்டு. ஓய்வுபெற்றவருக்கு அது தொடர்கிறதா என்பது அவர் ஓய்வுபெற்ற காலத்தையும் சந்தாவையும் பொறுத்தது. ஓய்வூதியக் கொப்பியோடு பிரதேச செயலகத்துக்கு ஒரு நடை போய்க் கேட்டால் அன்றே தெரிந்துவிடும். அப்பா ஆசிரியராக இருந்தவர் என்பதால் நாங்களும் போய்க் கேட்டோம், எங்களுக்கு உதவவில்லை. உங்களுக்கு உதவலாம்.

சரி, இப்போது புதிதாக எடுத்தால் என்ன? ஒரு பேச்சுக்கு, எழுபது வயதில் ஒருவரைச் சேர்க்க ஒரு நிறுவனம் சம்மதிக்கிறது, கட்டுப்பணம் மாதம் 10,000 ரூபாய், கண்புரைக்குக் காத்திருப்பு இரண்டு ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். காத்திருப்பு முடியும்போது 240,000 ரூபாய் கட்டியிருப்பீர்கள். ஒரு கண்ணுக்கு உச்சவரம்பு ஓர் இலட்சம் என்றால் இரண்டு கண்ணுக்கும் சேர்த்துக் கட்டியதைவிடக் குறைவாகவே கைக்கு வரும். அந்த இரண்டு ஆண்டும் அம்மா மங்கிய கண்ணோடு மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பார். அதே பணத்தை வங்கியில் போட்டிருந்தால் ஒரு கண்ணைத் தனியாரிலேயே செய்துவிடலாம். இதயம், சிறுநீரகம் என்று பெரிய செலவுக்காக ஐம்பது வயதில் காப்புறுதி எடுப்பது நல்ல காரியம். எனக்கும் என் கணவருக்கும் அதை இப்போது எடுத்துவிட்டேன். கண்புரைக்காக எடுப்பதில் மட்டும் அர்த்தமில்லை.

கோரிக்கை நியாயமில்லாமல் மறுக்கப்பட்டால் முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம், அதற்குக் கட்டணம் இல்லை. எங்கள் விடயத்தில் ஒப்பந்தம் அவர்கள் பக்கம் தெளிவாக இருந்ததால் நாங்கள் போகவில்லை.

கடல் தாண்டிய வழிகள்

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை 1976இல் வைத்தியர் கோ. வெங்கடசாமி பதினொரு கட்டில்களோடு தொடங்கினார். 1992இல் அவர்களே வில்லை செய்யும் ஆரோலாப் தொழிற்சாலையை நிறுவியதால் வில்லையின் விலையே உலகெங்கும் இறங்கியது. எதிர்வீட்டு மாமி அந்த இடத்தைக் கோயில் போலப் பேசுவதில் நியாயம் இருக்கிறது. மொழிச் சிக்கலும் இல்லை. ஆனால் விசா, இரண்டு பேருக்கு விமானம், ஒரு வாரத்துக்கு மேல் தங்கும் அறை, சாப்பாடு என்று கூட்டினால் சத்திரசிகிச்சையில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடுகிறது. ஒரு மாதப் பரிசோதனைக்குத் திரும்பவும் போவதா என்ற கேள்வி வேறு. யாத்திரையோடு சேர்த்துப் போகிறவர்களுக்கும் அங்கே உறவினர் வீடு இருப்பவர்களுக்கும் மட்டும் இது சரிவரும்.

அக்காவின் யோசனையை நான் உடனே மறுத்துவிட்டேன். பிள்ளைகளோடு நீண்ட காலம் தங்குவதற்கான சூப்பர் விசாவில் கனடாவுக்குப் போகும் பெற்றோர் குறைந்தது 100,000 டொலருக்கு மருத்துவக் காப்புறுதி வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அது திடீர் நோய்க்கும் விபத்துக்கும்தான். ஏற்கனவே இருக்கும் கண்புரை அதில் வராது. அமெரிக்காவில் முதியவர்களுக்கான அரச காப்புறுதியான மெடிகேர் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அதன் இரண்டாம் பகுதி, நோயாளி முதலில் தன் கையால் கட்டும் ஆண்டுக் கழிவுத் தொகைக்குப் பின் (2025இல் அது 257 டொலர்) அனுமதித்த செலவில் 80 சதவீதத்தைக் கொடுக்கும். சாதாரண வில்லைக்கும், பிறகு ஒரு சோடிக் கண்ணாடிக்கும்கூட உதவும். விலை கூடிய வில்லையின் மேலதிகப் பணம் அங்கேயும் நோயாளியின் தலையில்தான். ஆனால் வேலை செய்து உரிமை சேர்க்காத ஒருவர், அறுபத்தைந்து வயதாகி, நிரந்தர வதிவிடம் பெற்று, ஐந்தாண்டு தொடர்ந்து அங்கே வாழ்ந்த பிறகுதான் கட்டணம் கட்டிச் சேர முடியும். சுற்றுலா விசாவில் போகும் அம்மாவுக்கு அதில் எதுவும் இல்லை. அங்கே குடியேறிவிட்ட பெற்றோர் மட்டும் அங்கேயே செய்துகொள்வது நல்லது.

இடது கண்

இடது கண்ணுக்கு ஊர் வரிசையில் காத்திருந்தோம். வலது கண் தெளிந்துவிட்டதால் காத்திருப்பு இப்போது ஆபத்தாக இல்லை. ஒரு வழி இதிலேயே தெரிகிறது. இரண்டு கண்ணும் மோசமாகி, தனியாக நடமாட முடியாத நிலையில், அரசத் திகதி தூரத்தில் இருந்தால், கடன்படாமல் முடியுமானால், மோசமான கண்ணை மட்டும் அருகில் ஒரு தனியார் இடத்தில் செய்துவிட்டு மற்றதை வரிசையில் விடலாம். வரிசையில் பெயரை எடுத்துவிட மட்டும் வேண்டாம். ஒரு கண்ணாவது நன்றாக இருப்பவருக்குத் தனியார் தேவையே இல்லை.

அரச வைத்தியசாலையில் இடது கண் முடிந்தபோது நாங்கள் கொடுத்தது ஓட்டோக் காசும், வெளியில் வாங்கிய ஒரு சொட்டுமருந்தின் விலையும், பின்னர் கண்ணாடிக்கான பணமும். வைத்தியர் கேட்காவிட்டாலும் எல்லா மருந்துகளையும் பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். முக்கியமாக, சிறுநீர்ப் பிரச்சினைக்கு டம்சுலோசின் எடுக்கும் ஆண்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சத்திரசிகிச்சையின்போது கண்மணி சுருங்கி வைத்தியருக்குச் சிரமம் கொடுக்கும் மருந்து அது. சில வாரங்களுக்குக் கடல் குளிப்பும் கன்னியாவில் வெந்நீர்க் கிணற்றுக் குளிப்பும் வேண்டாம். அம்மாவுக்கு இதைப் புரியவைப்பதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

போன வாரம் எதிர்வீட்டு மாமி வந்தார். மதுரையில் செய்த கண்ணில் மறுபடி புகை மூடுவது போல இருக்கிறதாம். புதிய வில்லைக்குப் பின்னால் இருக்கும் சவ்வு சில ஆண்டுகளில் மங்குவது வழமை. லேசரால் சில நிமிடங்களில் திறந்துவிடுவார்கள், கண்ணைத் திரும்ப வெட்டுவதில்லை. அதற்காகக் கடல் கடந்து போக வேண்டாம், முதலில் இங்கே காட்டுங்கள் என்றேன். வருகிற கிளினிக் நாளில் அம்மா தன் கொப்பியை எடுத்துக்கொண்டு அவருக்குத் துணையாகப் போகிறார்.